பதிலுக்கு முன்னால் ஒரு மூச்சு

கேட்டுப் புரிந்துகொள்வதைச் சோதிக்கிற தேர்வுகளைத் தயாரிக்கும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையில் முடிக்கிற ஆள் நான் இல்லை. நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள், ஆனால் இருக்கிறதைவிட அதிகம் படித்தவளாக என்னைக் காட்டிவிடாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு. நிற்கிற பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவேன். பஸ் கிளம்பிவிட்டால் முடியாது. அப்படிப்பட்ட நான் பதினோரு வருஷம் இந்த வேலையில் இருந்தேன். நான் தலையாட்டாமல் ஒரு கேள்வியும் பிள்ளைகள் முன்னால் போனதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போவது என் பெருமை ஒருநாள் எப்படி அடிபட்டது என்பதை.

நான் ஜோலார்பேட்டையிலிருந்து கல்யாணமாகி ஹைதராபாத் மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஊரின் மேற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. தமிழ் தெரிந்த பெண்கள் வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலை என்று நாச்சாரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் போவதற்குப் பயந்தாள் என்று துணைக்குப் போனேன். உள்ளே மையத்தை நடத்துகிற மேடம் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், நிறையப் படித்தவர். அவர் அந்தப் பெண்ணைத் தமிழில் கேள்வி கேட்பார். அவள் தெலுங்கில் யோசித்துக்கொண்டிருப்பாள். அதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன்.

மூன்றாவது தடவை மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “ஏனுங்கம்மா, வேலை யாருக்கு? கொஞ்சம் பேசாம இருங்க, பொண்ணு பேசட்டும்.”

“அவளுக்குத் தெரியும் மேடம். வாய்தான் வராது.”

“உங்களுக்கு வாய் வருது, அதைத்தான் பார்த்துட்டே இருக்கேன்” என்றார். கடைசியில் வேலை எனக்குக் கிடைத்தது. அந்தப் பெண் என்னோடு ஒரு மாசம் பேசவில்லை.

வேலை இதுதான். சமையல் கேஸ் ஏஜென்சிகளுக்காகப் போன் எடுக்கிற ஒரு கம்பெனி ஹைதராபாத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் எந்த ஊரில் சிலிண்டர் வரவில்லை என்றாலும், அடுப்பு எரியவில்லை என்றாலும், கேஸ் கசிகிறது என்றாலும் போன் இங்கேதான் வரும். அதை எடுக்க இங்கத்திய தெலுங்குப் பிள்ளைகள், உருதுப் பிள்ளைகளுக்கு மூன்று மாசத்தில் தமிழ் கற்றுக்கொடுத்து, காதைச் சோதித்து அனுப்ப வேண்டும். எங்கள் மையம் அதைச் செய்தது.

எனக்கு முன்னால் ஒருவர் குரல் கொடுத்திருக்கிறார். எழுதி வைத்ததைச் செய்தி வாசிப்பது போல வாசித்தாராம். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு வாசிக்கவே வராது என்பதால் அவர் என்னிடம் விஷயத்தை மட்டும் சொல்வார். “உங்க வீட்டு சிலிண்டர் தீர்ந்துபோச்சு. செவ்வாய்க்கிழமை கேட்டீங்க, வெள்ளிக்கிழமைன்னாங்க, இன்னும் வரலை. ஞாயிறு வீட்டுல விசேஷம். பேசுங்க.” நான் பேசுவேன். கேட்கிற பிள்ளைகளின் தாளில் இங்கிலீஷில் மூன்று பதில்கள் இருக்கும். விசேஷம் என்றைக்கு? செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. சரியானதைக் குறிக்க வேண்டும். இப்படிப் பத்துப் பேச்சு. மூன்று மாசமும் வகுப்பில் ஓடியது என் குரல்தான். கடைசித் தேர்விலும் என் குரல்தான்.

முதல் அணியில் பதினெட்டுப் பேர். எல்லாரும் தேறிவிட்டார்கள். அதிலும் ஸ்வரூபா என்று ஒரு நெட்டைப் பெண், பத்துக்குப் பத்து. நாச்சாரத்தில் அவள் அப்பா வேலை பார்த்த ஃபேக்டரி மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் காலேஜை நடுவில் விட்டுவிட்டு வந்தவள். ரிசல்ட் ஒட்டியதும் ஓடிவந்து என் காலைத் தொட்டாள். தெருவில் எல்லார் வீட்டுக்கும் ஸ்வீட் கொடுத்தாயிற்று என்றும் சொன்னாள். திங்கட்கிழமை முதல் அவர்கள் போனில் உட்கார வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒலிப்பதிவு அறைக்குப் போனேன். அங்கே ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர், ரேடியோவிலும் கல்யாண மேளங்களிலும் காதைப் பழக்கியவர். தமிழில் அவருக்கு ஒரு வார்த்தையும் வராது. என்னோடு உருதுவில் பேசுவார், நான் கலந்துகட்டிப் பதில் சொல்வேன். இங்கே தமிழிலேயே சொல்கிறேன்.

கம்பெனிக்காரர்களுக்குக் கொடுக்க என் பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“அம்மா, ஒரு தமாஷ் காட்டட்டுமா? உட்காருங்க.”

முதல் பேச்சை ஓடவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஓரிடத்தில் விரலைத் தூக்கினார். “பதில் இங்கேதானே?”

“ஹவ்” என்றேன். அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்.

இரண்டாவது ஓடியது. விரலைத் தூக்கினார். அங்கேதான் பதில். மூன்றாவதும் சரி. நான் சிரித்துக்கொண்டிருந்தவள் நாலாவதில் சிரிப்பை நிறுத்தினேன். பத்தில் ஒன்பதுக்குச் சரியான இடத்தில் அவர் விரல் எழுந்தது.

“யார் உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது, பாய்?”

“தமிழ் நக்கோ அம்மா. தமிழ் எதுக்கு? நீங்கதான் சொல்றீங்களே.”

கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். என் குரல் அங்கே மேடும் பள்ளமுமாக, குன்றுகள் வரிசையாக நிற்கிற மாதிரி இருந்தது. ஓரிடத்தில் மட்டும் குன்றே இல்லை. சமதரை. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய மேடு, மௌலா அலி மலை தனியாக நிற்குமே, அது மாதிரி.

“இங்கே மூச்சு எடுக்கறீங்க. அப்புறம் இந்த வார்த்தையைத் தூக்கிச் சொல்றீங்க. ஒவ்வொரு தடவையும். முன்னால வர்ற நாள், தேதியெல்லாம் ஓட்டமா ஓடிடும். பதில் வரும்போது மட்டும் நின்னு, பூவைத் தட்டுல வெச்சு நீட்டற மாதிரி நீட்டறீங்க.”

படிக்கத் தெரியாதவளுக்கும் அந்தப் படம் புரிந்தது. பதினெட்டுப் பேரும் தமிழைக் கேட்டுத் தேறவில்லை. கிழமைகளின் பெயரும் எண்களும் தெரிந்துகொண்டு, என் மூச்சுக்காகக் காத்திருந்து, அடுத்து வந்த வார்த்தையைக் குறித்துவிட்டு எழுந்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வரவில்லை, அவர் மேல்தான் வந்தது. “ஒரு வார்த்தை தெரியாத நீங்க என் தமிழ்ல குத்தம் கண்டுபிடிக்கறீங்களா?” என்றேன்.

பாய் திரையை அணைத்தார். “உங்க தமிழைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் சத்தத்தைப் பார்க்கறவன். நான் சொன்னதை நீங்க மட்டும்தான் கேட்டீங்க. நான் வேற யாருக்கும் சொல்லப் போறதில்லை” என்றார். அந்த மனுஷர் என்மேல் கருணையாகத்தான் சொன்னார். ஆனால் பாரம் முழுவதும் என் தலைக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் என் பெரிய மகன் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தமிழ் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் முக்கால்வாசி அப்படித்தான். நான் எப்போதும் போலச் சொன்னேன்: “நாளைக்கு நான் சீக்கிரம் கிளம்பறேன், சாவி... பக்கத்து வீட்டுல இருக்கும்.”

“பக்கிண்ட்லோ. சரே” என்றான், தலையைத் தூக்காமல்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அந்த மூச்சு. அதைத் தொடர்ந்து தூக்கிச் சொன்ன வார்த்தை.

பால் குடிக்கிற வயசிலிருந்து அவனோடு அப்படித்தான் பேசியிருக்கிறேன். தெருவெல்லாம் தெலுங்கு, பள்ளிக்கூடமெல்லாம் இங்கிலீஷ். என் தமிழ் அவன் காதில் விழ வேண்டுமே என்று முக்கியமான வார்த்தைக்கு முன்னால் நின்று, தூக்கி, தேவைப்பட்டால் இரண்டு தடவை சொல்லி வளர்த்தேன். இருபத்தைந்து வருஷத்தில் அதுவே என் பேச்சாகிவிட்டது. ஜோலார்பேட்டையில் என் அக்கா அப்படிப் பேச மாட்டாள். அவளிடம் பேசினால் ஓடிப்போய் ரயிலில் ஏறுவது மாதிரி நாம்தான் தொற்றிக்கொள்ள வேண்டும்.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, அக்காவை நினைத்துக்கொண்டு, நிற்காமல் சொன்னேன்: “பால்காரன் வந்தா ரெண்டு பாக்கெட் போதும்னு சொல்லிடு நேத்து வாங்கினதே மீதி இருக்கு திரிஞ்சுபோயிடும்.”

அவன் பேப்பரை இறக்கினான். “ஏமிட்டம்மா?”

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புரியவில்லை அவனுக்கு. இத்தனை வருஷமாக அவன் தமிழைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மையத்துக்குப் போகிற வழியெல்லாம் ஸ்வரூபாவின் தெருவில் கொடுத்த ஸ்வீட்தான் கண்ணில் நின்றது. சொல்லாமல் விட்டால் அவளுக்கு வேலை. ஆனால் எங்கோ ஒரு ஊரில் ஒருத்தி, புகார்களுக்கு நடுவில் போகிறபோக்கில், கேஸ் வாசனை வருகிறது என்று சொல்வாள். அவள் மூச்சு வாங்கி, தூக்கிச் சொல்ல மாட்டாள். தனக்கே அது பெரிய விஷயம் என்று தெரியாதவள்தான் அப்படிப் போகிறபோக்கில் சொல்வாள்.

மேடத்திடம் சொன்னேன். பாய் திரையில் காட்டினார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா இப்படிப் பேசுனீங்க?”

“பாசத்துல பேசிட்டேன் மேடம். தெரிஞ்சு செய்யலை.”

“நாளன்னைக்கு கம்பெனியிலிருந்து வர்றாங்க. பதினெட்டு சீட் போட்டு வெச்சிருக்காங்க. ரிசல்ட்ல உங்க கையெழுத்தும் இருக்கு, என் கையெழுத்தும் இருக்கு.”

“அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

“ஒரே நாள்ல புது டெஸ்ட் எப்படிங்கம்மா எழுத முடியும்?”

“எழுத வேண்டாம் மேடம். எழுதினா அதையும் நான்தானே பேசணும்? மறுபடியும் அதேதான் வரும். பேசறவங்களை நான் கூட்டிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு, தாள்ல மூணு பதிலைப் போட்டுக் கொடுத்து ஒண்ணைக் குறிக்கச் சொல்ல வேண்டாம். போன் எடுக்கறவங்களுக்குத் தாளா கிடைக்கும்? கேட்டுட்டு என்ன செய்யறாங்கன்னு பார்ப்போம்.”

மேடம் போனை எடுத்துப் பதினெட்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸிலிருந்து ஆறு பெண்களை இரண்டு ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்தேன். விருத்தாசலம் சரோஜா, பொன்மலை லூர்து அக்கா, அப்புறம் நாலு பேர். ஒவ்வொருத்தி தமிழும் ஒவ்வொரு ஜில்லா. கீழ் அறையில் போன்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பிள்ளைகள் மாடியில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

“என்னடி பேசணும்?” என்றார் லூர்து அக்கா.

“கேஸ்காரன்கிட்ட என்ன பேசுவீங்களோ அதை. நடிக்க வேண்டாம்.”

“நான் எதுக்குடி நடிக்கணும்? பதிவு பண்ணி ஒரு மாசம் ஆச்சு, நிஜமாவே சிலிண்டர் வரலை. விறகுல ஆக்கிட்டு இருக்கேன். மாட்டட்டும் இன்னைக்கு.”

“ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட மட்டும் நடுவுல, அடுப்பை அணைச்சும் வாசனை வருதுன்னு சொல்லுங்க. நிறுத்திச் சொல்லாதீங்க. அழுத்தியும் சொல்லாதீங்க.”

“எனக்கு நிறுத்தத் தெரியுமாடி? முப்பது வருஷமா உங்க அண்ணன் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சறாரு.”

நான் போனைத் தொடவில்லை. மேல் அறையில் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு போன் கால். அதில் இரண்டில் கசிவு. அதைப் பிடித்துவிட்டால், ரெகுலேட்டரை மூடச் சொல்ல வேண்டும், ஸ்விட்ச் தொடாதீர்கள், ஜன்னலைத் திறங்கள் என்று சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் அங்கேயே தோல்வி.

ஸ்வரூபாவுக்கு லூர்து அக்காவின் போன் விழுந்தது. அந்த அம்மா ஆரம்பித்த வேகத்தை நான் இப்போது சொல்லிக் காட்ட முடியாது. ஒரு மாசமாச்சு, வர்ற ஆளு மரியாதையா பேசமாட்டேங்கறான், படியேற மாட்டேங்கறான், பழைய சிலிண்டரும் சரியில்லே அடுப்ப அணைச்சாலும் வாசன வருது, எங்க வீட்டுக்காரரு வந்து கத்தறாரு, என்னைக்குத்தான் அனுப்புவீங்க?

ஸ்வரூபா அமைதியாகக் கேட்டாள். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அது வரவேயில்லை. கடைசி வார்த்தை மட்டும் அவள் கையில் கிடைத்தது. “வியாழக்கிழமை சிலிண்டர் வரும் மேடம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று மிக அழகாகக் கேட்டாள்.

கீழே லூர்து அக்கா, “அப்ப நிஜமாவே வியாழக்கிழமை வந்துடுமாடி?” என்று கேட்டது மாடிவரைக்கும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பதினெட்டில் ஏழு பேர் தேறினார்கள். அதில் ஒருவன், என் தேர்வில் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தவன். போவன்பள்ளி மார்க்கெட்டில் தமிழ்நாட்டு லாரிக்காரர்களோடு பேசிப் பேசிக் காதைத் தீட்டியவன். தாளில் இருந்த இங்கிலீஷைப் படிக்கத் திணறியதால் என்னிடம் மார்க் குறைந்திருக்கிறான். நான் வெட்கப்பட வேண்டியதில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

மற்ற பதினொரு பேருக்கும் மேடம் பதிவாகியிருந்த ஸ்வரூபாவின் போன் பேச்சையே போட்டுக் காட்டினார். கசிகிற வீட்டுக்கு வியாழக்கிழமை என்று அவள் குரல் சொன்னதை அவளும் கேட்டாள். இரண்டு மாசம் கூடுதல் பயிற்சி, பிறகு மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அவ்வளவுதான் என்றார் மேடம். கம்பெனியில் ஏழு பேரை வைத்துக்கொண்டு முனகினார்கள். அது மேடம் பட்ட பாடு.

ஸ்வரூபா மாடிப்படியில் என்னை மறித்தாள். தெலுங்கில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தமிழில் கேட்டாள்.

“அம்மா, நீங்க பேசினா எனக்குப் புரியுது. அவங்க பேசினா புரியலை. மூணு மாசம் நான் தமிழா கத்துக்கிட்டேன்? உங்களைத்தானே கத்துக்கிட்டேன்?”

“தப்பு என்னுது” என்றேன்.

“தப்பு உங்களுது. வேலை போனது எனக்கு” என்று இறங்கிப் போய்விட்டாள்.

அந்த இரண்டு மாசமும் அவள் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நானும் அவள் வகுப்புக்குப் போகவில்லை. என் பதிவுகளை நிறுத்திவிட்டு, குவார்ட்டர்ஸ் பெண்களைத் தினம் இரண்டு பேராக அனுப்பிவைத்தேன். சரோஜா திரும்பி வந்து சொல்வாள்: “அந்த நெட்டைப் பொண்ணு இருக்காளே, விடமாட்டேங்கறா. என் மாமியார் கதை முழுக்கக் கேட்டுட்டா. நாளைக்கு நாத்தனார் கதைக்குக் கூப்பிட்டிருக்கா.”

மறுதேர்வு நாள் வந்தது. குரல் பழகிய பெண்கள் வேண்டாம் என்று புது ஆட்களாகப் பார்த்து வைத்திருந்தேன். இந்தத் தடவை யாருடைய போன் எந்தப் பிள்ளைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாதபடி வரிசையையும் கலைத்துவிட்டோம். காலையில் ஒருத்தி வரவில்லை, காய்ச்சல். மேடம் என்னைப் பார்த்தார்.

“ஒரே ஒரு போன் கால்தானுங்கம்மா. நீங்க பண்ணிடுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என்னாலும் இப்போது நிற்காமல் பேச முடியும் என்று காட்டிவிடலாம் என்ற எண்ணம் வந்தது. அதைப் பெருமை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கீழே போய் உட்கார்ந்தேன். மணி அடித்தது. எடுத்தவள் ஸ்வரூபா.

“வணக்கம், சொல்லுங்க” என்றாள்.

நான் ஆரம்பித்தேன். இரண்டாவது வார்த்தையில் அந்தப் பக்கம் அவள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். சிலிண்டர் வந்த கதை, கொண்டுவந்தவன் வாசலிலேயே உருட்டிவிட்டுப் போன கதை என்று போய்க்கொண்டே இருந்தேன். வாசனை என்ற வார்த்தை நெருங்க நெருங்க அந்த மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு மூச்சு. விட்டால் அவளுக்கு வேலை. அவள் அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும்தான். நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிற்காமல், அடுப்ப அணைச்சும் வாசன வருது என்பதைச் சொல்லி அப்படியே உருட்டிவிட்டுப் போனவனைத் திட்டப் போய்விட்டேன்.

நான் திட்டி முடிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

“அம்மா, நிறுத்துங்க” என்றாள். “நடுவுல ஒண்ணு சொன்னீங்க. அடுப்பு அணைச்சப்புறம் என்ன? அதை மட்டும் திரும்பச் சொல்லுங்க.”

அதே வேகத்தில் திரும்பச் சொன்னேன். “ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க. முதல்ல ரெகுலேட்டரை மூடுங்க” என்றாள்.

டீ நேரத்தில் மாடிப்படியில் அவள் எதிரே வந்தாள். இரண்டு மாசத்துக்குப் பிறகு முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“அம்மா, மூச்சை அடக்கிட்டீங்க கதா, இல்லையா?” என்றாள். “எனக்குக் கேட்டுச்சு.”

நான் படியிலேயே நின்றுவிட்டேன். மூச்சு விட்டாலும் கேட்கும். அடக்கினாலும் கேட்கும். மூன்று மாசம் என் குரலையே படித்த பெண்ணுக்கு நான் எப்படிப் பேசினாலும் பதில் கையில் கிடைக்கும். அவள் தமிழைப் பிடித்தாளா, என்னைப் பிடித்தாளா? யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மற்ற போன்களையும் அவள் நன்றாகத்தான் எடுத்திருந்தாள். வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

மேல் அறைக்குப் போனேன். “மேடம், ஸ்வரூபாவுக்கு நான் பண்ணின போன் காலைத் தாள்ல அடிச்சிடுங்க.”

“எதுக்கும்மா? நல்லாத்தானே எடுத்தா? திரும்பக் கேட்டதுக்கு மார்க் குறைக்கணும்னு மார்க் போடற விதியில இருக்கு. அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்.”

“திரும்பக் கேட்டதுக்குக் குறைக்காதீங்க. தனக்கு எது புரியலைன்னு தெரிஞ்சு அதை மட்டும் கேட்டிருக்கா. போன்ல அதுதான் வேணும். ஆனா என் போன் காலை அடிங்க. நான் யாருன்னு அவளுக்குத் தெரியும்.”

“அடிச்சா கசிவு கால் ஒண்ணு குறையும். மறுபடியும் ஒண்ணு வைக்கணும். அதுல விட்டுட்டான்னா?”

நான் தாளை அவர் பக்கம் தள்ளினேன். மேடம் ஒரு கோடு போட்டார். அடித்த இடத்தில் என் கையெழுத்து வேண்டும் என்று பேனாவை நீட்டினார். என் பெயரை எழுத எனக்கு நேரமாகும். எழுதி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, கீழே போன் பண்ணி, காலையில் புதிதாக வந்திருந்த திருநெல்வேலி அம்மாவைப் பேசச் சொன்னார்.

நான் ஹெட்போன் போட்டுக்கொள்ளவில்லை. கதவுப் பக்கம் போய் நின்றேன். பக்கத்து அறையில் மணி அடித்தது, ஸ்வரூபா வணக்கம் சொன்னாள். பிறகு வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் திருநெல்வேலி அம்மா எங்கே நிற்பார், எங்கே மூச்சு வாங்குவார் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் கதவு வழியாக அந்தக் குரல் வந்தது. தடுமாறாமல், தமிழில்.

“ஒரு நிமிஷம் நிறுத்துங்கம்மா. வாசனைன்னா, எப்ப இருந்து வருது?”